இளந்தரகர் எந்தப் படியேறுவது?

திம்புள்ளைப் பகுதியில் தரகர் என்ற சொல்லைக் கேட்டால் முன்னெல்லாம் ஒரே ஒருவருடைய நினைவுதான் வரும். அவர் தேயிலைத் தரகர். லிந்துலையிலும் தலவாக்கலையிலும் பத்தனையிலும் இன்று கொய்யப்படும் கொழுந்து, இரவெல்லாம் வாடவிடப்பட்டு, நாளை ஆலையில் தூளாகி, பைகளில் அடைபட்டுக் கொழும்புக்கு இறங்குகிறது. அங்கே அதன் மாதிரியைச் சுவைத்து, இன்ன விலை பெறும் என்று மதிப்பிட்டு, ஏலத்தில் விற்றுக் கொடுத்து, தமக்குரிய கூலியைக் கழித்துக்கொண்டு மிகுதிப் பணத்தைத் தோட்டத்துக்குச் சேர்ப்பிக்கிறவர் அவர். 1883 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30 ஆம் திகதி கொழும்பிலே சோமர்வில் கம்பெனியாரின் இடத்தில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்ற நாள் தொட்டு இத்தொழில் நடந்து வருகிறது. நம் பாட்டன் பாட்டிமார் அவரைக் கண்ணாற் கண்டதில்லை. கொழும்பிலிருந்து வரும் ரிப்போர்ட் சரியில்லை என்றால் துரையின் முகம் மாறும், துரையின் முகம் மாறினால் கணக்கப்பிள்ளையின் குரல் மாறும் என்ற அளவிலேயே அவரை அறிந்திருந்தார்கள்.

இன்றோ மலைநாட்டு நகரங்களில் வேறொரு தரகரும் தோன்றியிருக்கிறார். அவர் காணித் தரகர். ஹட்டன் கடைவீதியிலும் நுவரெலியாவிலும் காணி, வீடு வாங்கவும் விற்கவும் எம்மை நாடுக என்று அழைக்கும் பலகைகளைக் காண்கிறோம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் இளைஞரும் யுவதியரும் அந்தப் பலகைகளை நிமிர்ந்து பார்க்கிறார்கள். முதல் போடத் தேவையில்லை, பட்டம் கேட்பதில்லை, பேச்சுத் திறமையும் ஒரு கைத்தொலைபேசியும் போதும் என்று சொல்லப்படுகிறது. எந்த அலுவலகத்தில் சேர்வது நல்லது என்ற கேள்வி பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டு வேளையில் எழுகிறது. பெற்றோருக்கோ இத்தொழில் முற்றிலும் புதிது. ஆகவே இந்த வாரம் அதைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுத எண்ணினோம்.

பெற்றோருக்குப் புதிது என்று ஏன் சொல்கிறோம்? மலைநாட்டில் நிலம் கைமாறிய கதை அப்படிப்பட்டது. 1840 ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆட்சியினர் இரண்டு சட்டங்களை இயற்றினார்கள். அவ்வாண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், பயிரிடப்படாத தரிசும் காடும் முடிக்குரியவை என்று கொள்ளச் செய்தது. மலைச்சாரல்கள் தோட்டங்களாக மாறியதற்கு அது வழி திறந்துவிட்டது. அதே ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம், காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையெழுத்திடப்பட வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது என்று விதித்தது. முதலாவது சட்டத்தின் நிழலில் உண்டான தோட்டங்களிலே நம்மவர் லயத்தில் வாழ்ந்தார்கள். இரண்டாவது சட்டம் அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. விற்பதற்கு ஒரு பிடி மண்ணும் இல்லாதவனுக்கு நொத்தாரிசு எதற்கு?

பின்னர் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம்மவரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அந்த நிலை முற்றாக நீங்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையிலே 1972 ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்ற உச்சவரம்பு கட்டியது. 1975 இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992 முதல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்கு வந்து, பின்னர் நீண்டகாலக் குத்தகையாயிற்று. இன்று ஒருவர் தலவாக்கலைப் பாலத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் பசுமையாகத் தெரியும் நிலத்தின் மிகப் பெரும் பகுதி எந்தத் தரகராலும் விற்கக்கூடியதன்று. அதன் உரிமை அரசுக்கும் அரசின் நிறுவனங்களுக்கும் உரியது. கம்பெனிக்கு இருப்பது குத்தகை மட்டுமே.

அப்படியானால் காணித் தரகருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நகரக் கடைகள், நகரை ஒட்டிய வீட்டுக் காணிகள், சிறு தேயிலைத் தோட்டங்கள், நுவரெலியாவில் விடுதிக்கு ஏற்ற இடங்கள் ஆகியவை அவருக்குரிய சந்தை. இவற்றோடு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடும், அதற்கு உறுதியும் வழங்கும் திட்டங்கள் நடைபெற்று வருகின்றன. 7 பேர்ச்சஸ் என்பது 1,905 சதுர அடியும் சற்று மிகுதியும். ஒரு பாடசாலைக் கட்டடம் நிற்கவும் போதாத இடந்தான். ஆயினும் நான்கைந்து தலைமுறையாகப் பிறர் கூரையில் வாழ்ந்த குடும்பம் ஒன்றின் கையில் முதன்முதலாக வந்து சேரும் மண் அது. அதைப் பற்றி ஆலோசனை கேட்க அக்குடும்பத்தார் தேடி வரப்போவது, நம் மொழி பேசும், நம் தோட்டத்துப் பிள்ளையாகிய அந்த இளந்தரகரைத்தான். அவர் எந்த அலுவலகத்தில் தொழில் பழகினாரோ அந்தப் பழக்கமே அக்குடும்பத்தின் மண்ணைக் காக்கும், கவிழ்க்கவும் கூடும். சேரும் இடத்தைப் பற்றி நாம் இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் இதுவே.

பிற நாடுகளில் இக்கேள்வி எவ்வாறு தீர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்ப்போம். அமெரிக்காவில் புதிதாக அனுமதிப் பத்திரம் பெற்றவர் தனித்துத் தொழில் செய்ய இயலாது. முழுத் தகுதி பெற்ற ஒரு தரகரின் கீழ்ச் சேர்ந்தே ஆக வேண்டும். கிடைக்கும் கூலியை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். ஆகையால் அங்கே எந்தத் தரகர் அலுவலகம் என்பது ஒவ்வொரு புதியவரின் முதற் கேள்வி. சிங்கப்பூரில் 2010 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பரீட்சையில் தேறி, ஏதேனும் ஒரே ஒரு நிறுவனத்தின் பெயரில் பதிவு பெற்ற பின்னரே ஒருவர் இத்தொழிலில் இறங்கலாம். இந்தியாவிலும் 2016 ஆம் ஆண்டுச் சட்டம், அதன் கீழ்ப் பதிவான மனைகளையும் கட்டடங்களையும் விற்றுக் கொடுக்கும் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. நம் நாட்டில் அத்தகைய பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பரீட்சை இல்லாத இடத்தில் அலுவலகமே பள்ளிக்கூடம் ஆகிவிடுகிறது. நல்ல பள்ளியும் உண்டு, கெட்ட பள்ளியும் உண்டு.

நிற்க. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் புதியவரிடம் முதலில் பேசப்படுவது பங்கு விகிதம். "எங்களிடம் உனக்குப் பாதி", "எங்களிடம் நூற்றுக்கு எண்பது" என்று சொல்வார்கள். எண்பது பெரிது, ஐம்பது சிறிது என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கணக்கை முழுவதும் போட்டுப் பார்க்க வேண்டும். பேச்சுக்கு ஒரு காணி 40 இலட்சம் ரூபாவுக்கு விற்றது என்றும், தரகுக் கூலி நூற்றுக்கு 3 என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தக் கூலி 1,20,000 ரூபா. பாதி என்றால் 60,000. எண்பது என்றால் 96,000. வித்தியாசம் 36,000 ரூபா. சரி, பத்திரிகை விளம்பரத்துக்குப் பணம் கட்டியவர் யார்? வாங்க வந்தவரை மூன்று முறை வாகனத்தில் ஏற்றிச் சென்று காட்டிய எரிபொருள் யாருடையது? காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்த கட்டணம் யார் தலையில்? எண்பது கொடுக்கும் அலுவலகம் இவையனைத்தையும் புதியவர் மீது சுமத்தி, மேசைக்கு மாத வாடகையும் கேட்குமானால், அந்த 36,000 மழைக்காலத்து மகாவலியில் விழுந்த இலைபோல் போய்விடும்.

அன்றியும், முதல் விற்பனை நடப்பதற்குள் பல மாதங்கள் கடந்துவிடலாம். காணி விற்பனை கொத்தமல்லி வியாபாரம் அன்று. வாங்குபவர் பார்க்க வேண்டும், வீட்டில் கலந்து பேச வேண்டும், வங்கிக் கடன் கேட்க வேண்டும், சட்டத்தரணி உறுதியைப் பார்க்க வேண்டும், நல்ல நாளும் வர வேண்டும். இத்தனையும் கூடிவருவதற்குள் ஒரு கொழுந்துப் பருவமே கழிந்துவிடும். அதுவரை இளந்தரகர் வீட்டுச் சோற்றை நம்பித்தான் இருக்க வேண்டும். அம்மா மலையேறிக் கொழுந்து பறித்துக் கொண்டுவரும் நாட்சம்பளத்தில் அவருடைய பஸ் கட்டணமும் அடக்கம் என்றால், அதை முன்கூட்டியே வீட்டாரோடு அமர்ந்து பேசித் தீர்மானிப்பதே முறை. முதல் ஆறு மாதத்துக்குச் சிறு தொகையாயினும் மாதச் சம்பளம் தந்து, பின்னர் பங்குக்கு மாற்றும் அலுவலகம் கிடைத்தால், பங்கு விகிதம் குறைவாயிருந்தாலும் அதைத் தள்ளிவிடலாகாது என்பது நம் கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. தேயிலைத் தரகர்கள் ஆலைகளுக்கு முன்பணம் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். இனி வரப்போகும் தேயிலையை நம்பிக் கொடுக்கும் கடன் அது. நெருக்கடியான மாதத்தில் சம்பளம் போடவும் உரம் வாங்கவும் அது கைகொடுக்கும். கடன் தீரும் வரை ஆலைக்காரர் வேறு தரகரை நாடுவது எளிதன்று என்பதும் உண்மை. காணித் தரகர் அலுவலகங்களிலும் இந்த முறை நுழைவதுண்டு. மோட்டார் சைக்கிளும் கைத்தொலைபேசியும் வாங்கித் தந்து, தவணையைக் கூலியிற் பிடித்துக்கொள்வோம் என்பார்கள். முன்பணத்துக்குக் கட்டுண்டு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஓர் அலுவலகத்தை அளக்க நாம் சொல்லும் அளவுகோல் ஒன்றே. அந்த அலுவலகம் உறுதியை எப்படி வாசிக்கிறது?

காணி என்பது மண் என்று நாம் நினைக்கிறோம். சந்தையில் விற்கப்படுவது மண்ணைப் பற்றிய காகிதம். ஒரே மாதிரியாகத் தோன்றும் இரு காணிகள் காகிதத்தில் வானுக்கும் பூமிக்கும் உள்ள வேற்றுமை கொண்டிருக்கும். ஒன்று முழு உரிமையுள்ள சின்னக்கர உறுதிக் காணியாக இருக்கலாம். மற்றொன்று 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய அனுமதிப் பத்திரக் காணியாகவோ அளிப்புக் காணியாகவோ இருக்கலாம். அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. மூன்றாவது வகை குத்தகை. நான்காவது வகையும் ஒன்றுண்டு. தோட்டத்து நிலத்தில் ஒருவர் நெடுங்காலமாக மரக்கறி பயிரிட்டு வருவார். அதையே தம் காணி என்று நம்புவார். ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இன்னொருவருக்கு "விற்பார்". 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் அந்தத் தாள் வெறுந்தாளே. அரச நிலத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் இருப்பு மட்டும் உரிமையாகிவிடாது. தனியார் நிலத்தில் நிலைமை வேறு. 10 ஆண்டு தடையின்றித் தம்முடையதாக ஆண்டு அனுபவித்து வந்தவர் உரிமை கோர 1871 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே காகிதம் ஒருவர் பெயரிலும் காணியில் குடியிருப்பு இன்னொருவர் பெயரிலும் இருந்தால் தரகர் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

நல்ல அலுவலகத்தில் காணி ஒன்று விற்பனைக்கு வந்தவுடனே விளம்பரத்துக்கு ஓட மாட்டார்கள். முதலில் உறுதியின் பிரதியையும் நில அளவையாளரின் வரைபடத்தையும் கேட்டு வாங்குவார்கள். உறுதியில் எழுதிய எல்லைகளும் வரைபடத்தின் எல்லைகளும் ஒன்றா என்று பார்ப்பார்கள். உறுதி பதிவான பக்கத்தைக் காணிப் பதிவகத்தில் தேடச் செய்வார்கள். சட்டத்தரணிகள் வழக்கமாக 30 ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பார்கள். இடையில் ஈடு வைக்கப்பட்டதா, வழக்குப் பதியப்பட்டதா, ஒரே காணி இருவருக்கு எழுதப்பட்டதா என்பது அங்கே தெரியவரும். 1998 ஆம் ஆண்டு உரித்துப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் உரித்துச் சான்றிதழே பேசும். பின்னர் பிரதேச சபையின் அல்லது நகர சபையின் கடிதங்களைப் பார்ப்பார்கள். நுவரெலியா மாவட்டத்திலோ இன்னும் ஒன்று கட்டாயம். மண்சரிவு அபாயமுள்ள சரிவுகள் நிறைந்த மாவட்டம் இது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கிடைக்காத சரிவிலே வீடு கட்ட அனுமதி பெற முடியாமற் போகலாம். வீடு கட்ட முடியாத வீட்டுக் காணியை விற்றுக் கொடுத்த தரகர், அடுத்த மழைக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

இவ்வளவையும் ஓர் இளைஞர் முதல் நாளே அறிந்திருக்க முடியாது. ஆகையால்தான் சேரும் முன் ஒரு காரியம் செய்யச் சொல்கிறோம். அலுவலகத் தலைவரிடம், "கடைசியாக விற்ற ஒரு காணியின் கோப்பை எனக்குக் காட்டி விளக்குவீர்களா, ஐயா?" என்று பணிவாகக் கேளுங்கள். பெயரை மறைத்துக் காட்டினாலும் போதும். கோப்பை எடுத்து வைத்து, இது உறுதி, இது வரைபடம், இது தேடுதல் குறிப்பு, இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழுந்தது, அதை இப்படித் தீர்த்தோம் என்று அரை மணி நேரம் சொல்லக்கூடியவரிடம் பங்கு நாற்பதாக இருந்தாலும் சேரலாம். கோப்பே இல்லை, எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது என்பவரிடம் தொண்ணூறு கொடுத்தாலும் வேண்டாம். உறுதி பார்ப்பது சட்டத்தரணியின் வேலையல்லவா என்று சிலர் கேட்பார்கள். முடிவு சொல்வது சட்டத்தரணியே. ஆனால் முற்பணம் கொடுத்த பிறகுதான் பெரும்பாலோர் சட்டத்தரணியிடம் செல்கிறார்கள். தரகரிடமோ அதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள்.

மலைநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று மொழி. இந்தப் பகுதியின் உறுதிகள் பல சிங்களத்திலும், பழையவை ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன. பேச்சுச் சிங்களம் சரளமாக வரும் நம் பிள்ளைகளிற் பலர் உறுதிச் சிங்களத்தின் முன் தடுமாறுகிறார்கள். நொத்தாரிசின் நடை வேறு, சந்தையின் நடை வேறு. உறுதியை அருகில் அமர்த்தி வரி வரியாக வாசித்துக் காட்டக்கூடிய பழைய எழுதுவினைஞர் ஒருவர் இருக்கும் அலுவலகம், குளிரூட்டிய அறையும் கண்ணாடிக் கதவும் உள்ள அலுவலகத்தைவிட மேல்.

அடுத்தது பணம். வாங்குபவர் கொடுக்கும் முற்பணம் யார் கையில் இருக்கிறது? சிங்கப்பூர்ச் சட்டம், அங்குள்ள வீடு, காணி விற்பனையில் தரகருக்காக வேலை செய்பவர் விற்பனைப் பணத்தைத் தொடவே கூடாது என்று தடுத்திருக்கிறது. நம் நாட்டிலும் முற்பணம் உடன்படிக்கை எழுதி, சட்டத்தரணி முன்னிலையில், வாங்குபவரிடமிருந்து விற்பவருக்கு நேரே செல்வதுதான் கண்ணியமான முறை. இளந்தரகரின் கையில் பணத்தைத் திணித்து, நீயே கொண்டுபோய்க் கொடு என்று அனுப்பும் அலுவலகம் அவரை நம்புகிறது என்று எண்ணி மகிழ வேண்டாம். நாளை வழக்கு வந்தால் பற்றுச்சீட்டில் இருப்பது அவருடைய கையெழுத்து. அன்றியும் 2006 ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம் காணி முகவர்களையும் தழுவுகிறது. வாங்குபவர் யார் என்பதை உறுதிப்படுத்தி, ஆவணங்களைப் பேணி வைப்பது அவர்கள் கடமை. அந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்டதும் விழிக்கும் தலைவரிடம் என்ன கற்க முடியும்?

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலை ஏலத்தில் விலை பலர் அறியக் கூறப்படும். 2020 ஏப்ரலில் ஏலம் மின்னணு முறைக்கு மாறிய பின்னும் அந்தப் பகிரங்கத் தன்மை போகவில்லை. எந்தத் தோட்டத்துத் தேயிலை என்ன விலை போயிற்று என்பது வெளியாகிறது. தரகர் ஒரு விலை சொல்லி வேறு விலைக்கு விற்க வழியில்லை. காணியிலோ விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பாராமலே பேரம் முடிவதுண்டு. அந்த இருட்டிலே சில தரகர்கள் விற்பவரிடம் 30 இலட்சம் என்றும், வாங்குபவரிடம் 36 இலட்சம் என்றும் பேசி, இடையில் உள்ள 6 இலட்சத்தை விழுங்கிவிடுகிறார்கள். இதைச் சாமர்த்தியம் என்று புதியவருக்குக் கற்பிக்கும் இடங்களும் உண்டு. நாம் இதற்கு வேறு பெயர் சொல்வோம். முத்திரை வரியிலும் இத்தகைய சாமர்த்தியம் நடக்கிறது. கைமாற்றத்துக்கு முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு நூற்றுக்கு 3, மிகுதிக்கு நூற்றுக்கு 4 என்ற விகிதத்தில் 40 இலட்சம் ரூபாக் காணிக்கு 1,59,000 ரூபா கட்ட நேரும். உறுதியில் விலையைக் குறைத்து எழுதினால் மிச்சமாகும் என்று ஆலோசனை கூறும் அலுவலகம், நாளை விற்பவரும் வாங்குபவரும் பிணங்கும்போது எந்தப் பக்கம் நிற்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

தேயிலைத் தரகரிடம் கற்க இன்னொன்றும் உண்டு. அவர் தோட்டத்துக்குச் சாதகமான சொல்லை மட்டும் எழுதுவதில்லை. இந்த வாரம் தேயிலை கருகியிருந்தது, சுவை மந்தமாயிருந்தது, கொழுந்து முரடாகப் பறிக்கப்பட்டிருக்கிறது என்று உள்ளதை எழுதிவிடுகிறார். கூலி கொடுக்கும் தோட்டக்காரருக்கே அப்படி எழுதுகிறார். 1881 இல் தொடங்கிய போர்ப்ஸ் அண்ட் வோக்கர் போன்ற நிறுவனங்களில் சேரும் இளைஞர், நீண்ட மேசையில் வரிசையாக வைத்த கிண்ணங்களின் முன்னே நின்று, வாயில் உறிஞ்சித் துப்பி, நாவைப் பழக்கியே மேலே வருகிறார். திம்புள்ளைத் தேயிலைக்கும் ஊவாத் தேயிலைக்கும் உள்ள பேதத்தை அவருக்குப் புத்தகம் சொல்லித் தராது. பக்கத்தில் நிற்கும் மூத்தவர்தான் சொல்லித் தருவார். காணித் தரகிலும் மூத்தவர் ஒருவரோடு கூடவே நடந்து, விற்பவரிடம் "உங்கள் விலை அதிகம், அம்மா, இந்தச் சரிவுக்கு அது கிடைக்காது" என்று அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்கிறார் என்று கேட்டிருப்பதே கல்வி. ஆகவே, "நான் யாரோடு செல்வேன்? எத்தனை மாதம்?" என்று கேட்பது தவறாகாது. ஐம்பது பேர் பெயர் பதிந்த பெரிய அலுவலகத்தில் அப்படி ஒருவர் இல்லாதிருக்கலாம். கடை மாடியில் இருவர் மட்டும் உள்ள சிறிய இடத்தில் இருக்கலாம்.

யுவதியருக்கு ஒரு வார்த்தை. காணி காட்டுவது என்பது முன்பின் அறியாதவரோடு ஒதுக்குப்புறமான இடங்களுக்குச் செல்வதாகும். தனியே அனுப்பும் வழக்கமா, துணை அனுப்பும் வழக்கமா, வாங்க வருபவரின் அடையாள அட்டை விவரம் முன்னரே பெறப்படுகிறதா என்று கேட்டறியாமல் சேரலாகாது. இதைக் கேட்டதற்காக முகம் சுளிப்பவரிடம் அன்றே விடைபெற்றுக்கொள்ளலாம்.

வாய்ச்சொல்லாக முடிந்த எதையும் கடிதமாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஊழியராகச் சேர்க்கிறார்களா, சுதந்திர முகவராகச் சேர்க்கிறார்களா என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். ஊழியர் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளி நூற்றுக்கு 12, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 3 என்ற கணக்கு உண்டு. இந்த ஒரு விஷயத்தில் தோட்டத்துப் பெற்றோருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சேமலாபப் பணத்துக்காக எத்தனை முறை அலைந்திருப்பார்கள்! சுதந்திர முகவர் என்றால் அவை கிடையா. நட்டமும் இலாபமும் தம்மையே சேரும். இரண்டும் முறையானவையே. ஊழியரைப் போல் எட்டு மணிக்கு வரச்சொல்லி, முகவரைப் போல் சம்பளமில்லாமல் அனுப்பும் மூன்றாவது வகைதான் ஆகாது.

கூலி எப்போது கையில் வரும் என்பதும் கடிதத்தில் வேண்டும். உறுதி எழுதிய அன்றா, அலுவலகத்துக்குப் பணம் வந்து எத்தனை நாளிலா, விற்பனை இடையில் முறிந்தால் செலவு யாருடையது என்பவை எழுதப்பட வேண்டும். இறுதியாக, பெரும்பாலோர் கேட்க மறப்பது பிரிவைப் பற்றியது. ஓராண்டோ ஈராண்டோ கழித்து அவர் வேறிடம் செல்லக்கூடும், அல்லது சொந்தமாகப் பலகை மாட்டக்கூடும். அப்போது அவர் அலைந்து சேர்த்த வாடிக்கையாளரின் பெயரும் இலக்கமும் யாருக்குச் சொந்தம்? பேச்சு நடந்துகொண்டிருக்கும் காணி அவர் போன பின் விற்றால் அவருக்குப் பங்கு உண்டா? சிலர் எல்லாம் அலுவலகத்துக்கே என்பார்கள். சிலர் மூன்று மாதத்துக்குள் முடிந்தால் பாதி தருவோம் என்பார்கள். சேரும் நாளில் சிரித்துப் பேசிக் கேட்டுவிடக்கூடிய கேள்வி இது. பிரியும் நாளில் அதே கேள்வியைச் சட்டத்தரணி மூலம் கேட்க நேர்ந்தால், சட்டத்தரணிக்கும் கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.